டொரண்டோவிலிருந்து பதினாறரை மணி நேரம்

என் தம்பிக்கு ‘லேட் மாமா’ என்று பெயர் வைத்தவர் என் கணவரின் அண்ணன். விளையாட்டுக்கு வைக்கவில்லை. அவமானப்படுத்தத்தான் வைத்தார். இரண்டு வருடமாக எங்கள் குடும்பத்தில் அவன் பெயர் அதுதான்.

போன மாதம் என் மகள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும்போதே கேட்டாள். அவளுக்கு ஐந்து வயது.

“அம்மா, லேட் மாமா எப்பம்மா வருவாரு?”

அது கேலி என்று அவளுக்குத் தெரியாது. அவன் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவளை அடித்துவிட்டேன். பிறகு நானே உட்கார்ந்து அழுதேன். அடி வாங்க வேண்டியவள் அவள் இல்லை.

எனக்கு அழகாக எழுத வராது. திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு வருடமாக பிளவுஸ் துணிப் பிரிவில் நிற்கிறேன். அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள்கூட நான் கிழித்த துணி குறைகிறது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர்தான் எனக்கு எமனாக வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. காட்டூரில் இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாகிவிட்டது. பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் டொரண்டோவில் ஒரு பெரிய கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். என் மகளுக்கு மூன்று வயதில் காது குத்துவது என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மற்ற வீடுகளில் அது ஒரு சடங்கு. எனக்கு அப்படி இல்லை. எனக்கும் கேட்க ஆள் இருக்கிறது என்று ஸ்ரீரங்கத்தில் என் புகுந்த வீட்டு ஆட்கள் கண்ணால் பார்க்கப்போகிற ஒரே நாள் அது.

நாள் குறித்தவர் என் மூத்தார். அதாவது, நான் மேலே சொன்ன கணவரின் அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். உரக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதும் அவர் சொல்படிதான். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம், மேலூர் சாலையில் ஒரு சின்ன மண்டபம் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும்.

தம்பிக்குப் போன் போட்டேன்.

“அக்கா, வெள்ளிக்கிழமை காலையிலதான்க்கா எனக்கு நைட் ஷிஃப்ட் முடியுது. அன்னிக்கு மத்தியானமே ஏறுனாலும் ஞாயித்துக்கிழமைக்கு ரொம்ப இறுக்கமா இருக்கும். அடுத்த புதன்கிழமை வச்சுக்கோயேன்.”

“மண்டபம் சொல்லியாச்சுடா. மாமா மாத்த மாட்டாரு.”

“நீ கேட்டுத்தான் பாரேன்.”

நான் கேட்கவில்லை. கேட்டால், “உன் தம்பிக்கு வர மனசில்லையா?” என்பார். அதற்குப் பயந்தேன். அன்று மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனை எடுத்து, டொரண்டோவுக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தேடினேன். ஒரு பக்கம் வந்தது. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் பதினாறரை மணி. உலகப் படத்தில் அந்த ஊரிலிருந்து நம் ஊர் வரைக்கும் வில் மாதிரி ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

அந்தக் கோடு நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அப்படி நிற்காமல் வருகிற விமானமே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கம் வர வேண்டுமென்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றவள் நான். பஸ் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். பத்து மைல் பயணத்துக்கே அப்படி என்றால், பாதி உலகத்தைத் தாண்டி வருகிறவன் எங்கே எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்ற நான் இடம் கொடுக்கவில்லை. எனக்குப் பதினாறரை வேண்டியிருந்தது. கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

மறுபடி தம்பியைக் கூப்பிட்டேன்.

“பதினாறரை மணி நேரம்தான்டா. போன்லயே போட்டிருக்கு.”

“அக்கா, அது சும்மா பறக்குற நேரம்க்கா. நடுவுல ரெண்டு ஊர்ல எறங்கி ஏறணும்.”

“என்கிட்டயே கதை விடாத. லீவு போட மனசில்லன்னா நேரா சொல்லிடு. தாய்மாமன் இல்லாத பிள்ளைன்னு நெனச்சுக்குறேன்.”

லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

“சரிக்கா. வந்துடுறேன்” என்றான்.

இரண்டு நாள் கழித்து டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினான். முதல் வரியை மட்டும் பார்த்தேன். அங்கே வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்குக் கிளம்புகிறது. இங்கே அப்போது சனிக்கிழமை விடியற்காலை ஒரு மணி. அதோடு பதினாறரையைக் கூட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை. டிக்கெட்டில் அதற்குக் கீழே இன்னும் எவ்வளவோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. எனக்குத்தான் விடை கிடைத்துவிட்டதே.

மூத்தாரிடம் போய்ச் சொன்னேன்.

“நிச்சயமா அஞ்சரைதானா?” என்றார்.

“நிச்சயம் மாமா. நானே கணக்குப் போட்டுட்டேன்.”

“துணி கிழிக்கிற கணக்கு இல்லம்மா இது.”

“எல்லாம் ஒரே அளவுதான் மாமா” என்றேன். வாய்.

எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமனை மாலை போட்டுத்தான் அழைத்து வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவன், அதனால் விமான நிலையத்திலேயே போடலாம் என்று மூத்தாருக்கு யோசனை வந்தது. நல்ல யோசனை. நான் அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய ரோஜா மாலை, சந்தனக் கிண்ணம், வாடகைக் கார், கூட இரண்டு பேர் என்று வெள்ளை வேட்டியில் கிளம்பிப் போனார்.

ஒன்பது மணிக்கு, நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருந்த மண்டபத்துக்குத் திரும்பி வந்தார். மாலையை ஒரு நாற்காலியில் போட்டார். காம்பெல்லாம் துவண்டு போயிருந்தது.

“மூணு மணி நேரம் நின்னேன். வெளிய வர்ற ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். சிங்கப்பூர்லேருந்து வந்தவன்லாம் சிரிச்சுட்டுப் போறான், யாருக்குய்யா மாலையும் கையுமா நிக்கிறன்னு. போலீஸ்காரன் வந்து, மந்திரி யாராச்சும் வர்றாங்களான்னு கேக்குறான்.”

கூடப் போன இரண்டு பேரும் சிரித்தார்கள். மூத்தார் சிரிக்கவில்லை.

நான் பாத்திரம் வைத்திருந்த அறைக்குள் போய்ப் போனில் அந்த டிக்கெட்டைப் பெரிதாக்கிப் படித்தேன். கடைசி வரி வரைக்கும். இரண்டு ஊரில் இறங்கி ஏறுகிறான். ஒரு ஊரில் மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறான். திருச்சியில் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முப்பத்தைந்து. மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரம். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அவன் இறுக்கம் என்று சொன்னானே, அது இதுதான்.

வெளியே வந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். “என் கணக்கு தப்பு மாமா, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லியிருக்கலாம். எட்டுப் பத்துப் பேர்தான் இருந்தார்கள். ஒரு நிமிட அவமானம். அதோடு போயிருக்கும்.

நான் சொன்னது வேறு.

“ஃப்ளைட்டு லேட்டாம் மாமா. காலையில பத்தரைக்குத்தான் எறங்குமாம்.”

“தாய்மாமனே லேட்டா?” என்றார் மூத்தார். “லேட் மாமனா வந்து வாச்சிருக்கான்.”

பெயர் அங்கேதான் பிறந்தது. வைத்தது அவர். எடுத்துக் கொடுத்தது நான்.

மறுநாள் பத்தரைக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. நான் பட்டுப் புடவையில் குழந்தையை வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். என் போன் கைப்பையில், கைப்பை பூட்டிய அறையில், சாவி யாரிடமோ. காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பதினொன்றேகால் இருக்கும். மூத்தார் மேடைக்கு வந்தார்.

“உன் தம்பி போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. ஆசாரிக்கு இன்னொரு வீடு இருக்காம். ஆரம்பிச்சுடலாம்.”

“பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்கே மாமா. பத்தரைக்கு எறங்கியிருந்தான்னா வந்துடுவான்.”

“இருந்தான்னா! நேத்தும் இதே கதைதான் சொன்ன. இன்னும் எவ்வளவு நேரம் என்னை வாசல்ல நிக்க வைக்கப் போற?”

நேற்று நிற்க வைத்தது நான்தானே. என் கணவரைப் பார்த்தேன். அவர் பந்தல்காரர் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான். அண்ணன் பேசும்போது அவருக்கு எதையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

மூத்தார் தன் மனைவியின் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் பட்டு வேட்டியில் தயாராகவே இருந்தார். என் மகளுக்கு அவர் என்ன முறை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் பக்கத்து ஆள் இல்லை என்பது மட்டும் தெரியும். குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள். அவள் வீறிட்டாள். இரண்டு காதும் குத்தி முடித்தபோது பதினொன்று இருபத்தைந்து. போட்டோவில் இருக்கிறது.

பதினொன்று ஐம்பதுக்கு என் தம்பி உள்ளே வந்தான்.

விமான நிலையக் கழிவறையிலேயே குளித்த மாதிரி முகம் கழுவி, பட்டு வேட்டி சட்டை மாற்றியிருந்தான். வேட்டியில் பெட்டியில் மடித்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கையில் திருவானைக்காவலில் காரை நிறுத்தி வாங்கிய பூவும் பழமும். இன்னொரு கையில் காதுக்குப் போட வாங்கிய தோட்டுப் பெட்டி. பின்னால் கார் டிரைவர் சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தார். எமகண்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“வாங்க வாங்க தாய்மாமன்” என்றார் மூத்தார், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. “பந்தி நேரத்துக்குக் கரெக்டா வந்துட்டீங்க. ஏம்ப்பா, லேட் மாமாவுக்கு ஒரு எலை போடுங்க.”

மண்டபமே சிரித்தது. அவனும் புரியாமல் கொஞ்சம் சிரித்தான். பிறகு மேடையைப் பார்த்தான். குழந்தையின் காதைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “ஒரு நாள் முன்னாடி கெளம்பியிருந்தா என்னடா?” என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். திருப்பிக் கேட்க அவனிடம் எல்லாமே இருந்தது. போனில் பேசியது இருந்தது, டிக்கெட் இருந்தது.

“மன்னிச்சுக்கக்கா. லேட்டாயிடுச்சு” என்றான்.

குழந்தையை மடியில் வாங்கினான். அவளுக்கு அவன் யாரென்று தெரியாது. அவள் அழுதாள். தோட்டுப் பெட்டியை என் கணவர் கையில் கொடுத்தான். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டான். சாப்பிடாமல் போனால் நாளைக்கு அதையும் என் தலையில்தான் போடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் வைத்து மறுபடி ஆரம்பித்தேன். எனக்கு நிறுத்தத் தெரியாது. “எறங்குன உடனே ஒரு போன் பண்ண மாட்டியா? வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேனே” என்றேன். அவன் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தான். எனக்கு ஐந்து தடவை போட்டிருக்கிறான். நான் எடுக்கவில்லை. அதற்குக் கீழே பதினொன்று இரண்டுக்கு ஒரு அழைப்பு. ‘பெரிய மச்சான்’ என்று இருந்தது. என் மூத்தாரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஒன்றரை நிமிடம் பேசியிருக்கிறார்கள்.

“எடுத்தாராடா?”

“எடுத்தாரு. பெட்டி வந்துடுச்சு, கார்ல ஏறப் போறேன்னு சொன்னேன். ‘சரி வா வா, ஆசாரியை இருக்கச் சொல்றேன்’னாரு.”

போன் சுவிட்ச் ஆஃப் என்று அவர் மேடைக்கு வந்து சொன்னது அதற்குப் பிறகு.

“பின்ன ஏன்டா அங்கயே சொல்லல? எல்லாரும் இருந்தாங்கல்ல?”

“சொல்லி? செவ்வாய்க்கிழமை நான் ஃப்ளைட் ஏறிடுவேன். நீ இவங்களோடதானக்கா இருக்கணும்.”

போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவனே கேட்டான்.

“ஃப்ளைட் லேட்டுன்னு யாருக்கா சொன்னது? சொன்ன நேரத்துக்குத்தானே எறங்குச்சு.”

நான் சமையலறைக்குப் போனேன். பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போவதாகச் சொன்னேன். அடுப்பில் பாலே இல்லை. திரும்பி வந்தபோது அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தான். தூங்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கடையில் லீவு கொடுக்கவில்லை என்று விமான நிலையத்துக்கும் போகவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவது நின்றுபோனது. நான் கூப்பிட்டால், “ஷிஃப்ட்ல இருக்கேன்க்கா” என்பான். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினான். அவ்வளவுதான். திருச்சிக்கு வரவில்லை. யாரிடம் வருவான்?

மூத்தாருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் மாலையோடு நின்று கேலிப்பட்டவர் அவர். அந்தக் கோபம் என் மேல் வந்திருக்க வேண்டும். நான் பொய் சொல்லி அதை என் தம்பி பக்கம் திருப்பிவிட்டேன். அவர் பழி தீர்த்துக்கொண்டார், தப்பான ஆளிடம். ஆனாலும் அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தே குழந்தையை இன்னொருவர் மடியில் வைத்தாரே, அதற்கு என் பொய் காரணம் இல்லை. அது அவரே செய்தது.

அந்தப் போன் அழைப்பைப் பற்றி என் கணவரிடம் அப்போதே சொன்னேன். “விடு, முடிஞ்சு போன கதை” என்றார். முடியவில்லை. என் மகள் வாயில் வந்து நிற்கிறது.

போன வாரம் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். விமானம் லேட் என்று சொன்னது நான்தான், உன்னை நம்பாமல் போனை நம்பினது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டான். பதில் இல்லை. அவன் பதில் சொல்லாதது சரிதான். தனியாக அவன் காதில் சொல்லி என்ன புண்ணியம்? அவன் மானம் போனது மண்டபத்தில்.

அதனால் குடும்ப குரூப்பிலும் அதையே எழுதினேன். மூத்தார் குரூப்பில் ஒரு வார்த்தை எழுதவில்லை. என் கணவருக்குத் தனியாகப் போன் போட்டிருக்கிறார். “நல்ல காரியம் வர்ற நேரத்துல உன் பொண்டாட்டிக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டாராம். நல்ல காரியம் என்பது அவருடைய அறுபதாம் கல்யாணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

மாமா, நானும் வருகிறேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் வருவார்கள். நான்தான் முதலில் எழுந்து நிற்பேன். விமானம் லேட் இல்லை, என் தம்பி லேட் இல்லை, பொய் சொன்னவள் நான் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். என்ன பேச வேண்டுமோ என்னைப் பேசுங்கள். கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பதினொன்று இரண்டுக்கு என் தம்பி உங்களைக் கூப்பிட்டானா, இல்லையா? அவன் வந்துகொண்டிருக்கிறான் என்பது தெரிந்தும் என்னிடம் வந்து போன் சுவிட்ச் ஆஃப் என்று சொன்னீர்களா, இல்லையா? என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். மைக்கைக் கையில் வாங்கி, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.